மாமாவின் இடது பக்கம்

எங்கள் வீட்டுக் காரை வலது பக்கம் நின்று பார்த்தால் நேற்றுதான் ஷோரூமிலிருந்து வந்தது போல இருக்கும். சுற்றி வந்து இடது பக்கம் பார்த்தால் பூனை பிறாண்டிய சோபா. கதவு நெடுக கோடு, பம்பரில் நசுங்கல், பக்கவாட்டுக் கண்ணாடியைச் சுற்றி டேப். ஒரு குருடன்கூட தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான், இதை ஓட்டுகிறவருக்கு ஒரு பக்கம் தெரியவில்லை என்று. எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். ஒரு வருஷம் அதைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இதை எழுத உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரட்டும், அதை அடக்கிக்கொண்டு எழுதினால் பொய்யாகிவிடும்.

காரை ஓட்டியவர் என் மாமனார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலையில் பேங்குக்குப் போனாலும் தாலுகா ஆபீஸுக்குப் போனாலும் யாராவது ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து "சார்" என்று கும்பிடுவார்கள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய கார் அது. நன்றாகத்தான் ஓட்டினார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தேவையில்லாமல் ஹாரன் அடிக்க மாட்டார், யாரையும் முந்த மாட்டார். பஸ் ஸ்டாண்டு நெரிசலில்கூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கலாம். அந்தப் பழைய நல்ல பெயரை வைத்துக்கொண்டுதான் பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளையில் சின்னதாக ஓரிடத்தில் அடைப்பு. கை கால் விழவில்லை, பேச்சு குழறவில்லை. நாலைந்து நாளில் நடந்தே வீட்டுக்குள் வந்தார். அண்ணாமலையார் காப்பாற்றிவிட்டார் என்று தெருவே சொன்னது. நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

மறுபரிசோதனைக்கு என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவரை ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். வலது பக்கம் புள்ளி வந்தபோது மாமா டக் டக்கென்று அழுத்தினார். இடது பக்கம் வந்தபோது கை அசையவில்லை. ரொம்பப் பொறுமையாக, அடுத்த புள்ளிக்குக் காத்திருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து நிதானமாகத்தான் சொன்னார்.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. ஆனா மூளையில அடிபட்ட இடம் இடது பக்கத்துக் காட்சியை வாங்கிக்க மாட்டேங்குது. அங்க இருட்டாகூட தெரியாது, அங்க ஒண்ணு இருக்குங்கறதே தெரியாது. வண்டி மட்டும் இனிமே ஓட்ட வேணாம், சார்."

மாமா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம், கண் இரண்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவர் காதில் அவ்வளவுதான் ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். தட்டில் இடது ஓரம் வைத்த பொரியல் அப்படியே இருக்கும். "இன்னிக்குப் பொரியல் பண்ணலையாம்மா?" என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிடுவார். பேப்பர் தலைப்பில் முதல் வார்த்தை அவருக்குத் தெரியாது. "தலையும் இல்லாம வாலும் இல்லாம எழுதறானுங்க" என்று பத்திரிகைக்காரர்களைத் திட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு ரோடுதான் ஞாபகம் வரும். பொரியல் தட்டில் இருக்கிறது, ஓடிவிடாது. ரோட்டில் இடது பக்கம் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிற மனுஷர்கள்.

என் கணவரிடம் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சாவியை வாங்கிவிட்டால் அப்பா செத்துவிடுவார் என்றார். பெங்களூரிலிருந்து நாத்தனாரும் போனில் அதையே சொன்னாள். அப்பாவுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அந்தக் கார், அதையும் பிடுங்கினால் மனசு உடைந்துவிடும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். ரோட்டில் போகிற ஒருத்தர் செத்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். உனக்கு வாயில் நல்ல வார்த்தையே வராதா என்றார் என் கணவர். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற அந்த மெதுவுக்கு ஒரு நாளும் விடியவில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயம் வந்தபோது அங்கேயாவது நிற்கும் என்று நம்பினேன். உடல் தகுதிச் சான்றுக்குப் போன இடத்தில் டாக்டர் மாமாவின் பழைய மாணவர். எழுந்து நின்று காலைத் தொட்டுக் கும்பிட்டு, காபி வரவழைத்து, சாருடைய கண்ணுக்கு என்ன குறை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுவரில் எழுத்துப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குரு பக்தியாம். அந்த பக்தியை வேறு எதிலாவது காட்டியிருக்கலாம்.

கடைசியில் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாமாவை நிறுத்துவதில்லை, பக்கத்தில் என்னை உட்கார வைப்பது.

திங்கட்கிழமை தோறும் மாமா கிரிவலம் போவார். முன்பெல்லாம் நடந்தே போனவர். உடம்பு முடியாமல் போன பிறகு காரிலேயே மலையைச் சுற்றினார். பௌர்ணமியில்தான் வண்டி விட மாட்டார்கள், மற்ற நாட்களில் கேட்பாரில்லை. ஆனால் பௌர்ணமி இல்லாவிட்டாலும் அந்தப் பாதையில் ஆள் நடக்காத வேளை கிடையாது. நடப்பவர்கள் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். மலையை ஒட்டிய வலது ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் அவர்கள் அங்கே நடப்பார்கள் என்பது இந்த ஊர் வழக்கம். ஆக, மாமாவுக்குத் தெரிகிற வலது பக்கம் சித்தர்களுக்காகக் காலியாக இருக்கும். தெரியாத இடது பக்கம் முழுக்க ஜனம். பூக்காரம்மா, காவி கட்டின சாமியார்கள், குழந்தையைத் தோளில் தூக்கின அப்பா, சைக்கிள், செருப்பைக் கையில் பிடித்தபடி மெதுவாக நடக்கிற வெள்ளைக்காரர்கள்.

நான் இடது இருக்கையில் உட்கார்ந்து அவர்களை மாமாவுக்கு அறிவிக்க வேண்டும். அதையும் நேராகச் சொல்லக் கூடாது. "இடது பக்கம் ஆள்" என்று முதல் வாரம் சொன்னேன். எனக்கு டிரைவிங் சொல்லித் தருகிறாயா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவர் மனசு நோகாமல் சொல்லக் கற்றுக்கொள் என்று என் கணவர் எனக்குப் பாடம் எடுத்தார். கற்றுக்கொண்டேன். "மாமா, அந்தம்மா கூடையில மல்லி நல்லா இருக்கே." மாமா தலையைத் திருப்பிப் பார்ப்பார், அந்தம்மாவைக் கண்டுகொள்வார், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடிப்பார். "மாமா, அந்தச் சாமியாரை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு." அவர் திரும்புவார், சாமியார் பிழைப்பார். பாதையில் நிருதி லிங்கக் கோயிலிலிருந்து குபேர லிங்கக் கோயில் வரைக்கும் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவேன்.

தெருவில் எனக்கு நல்ல பெயர். மருமகள் மாமனாருடன் சிரித்துப் பேசிக்கொண்டு கிரிவலம் போகிறாள், இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்று. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் டிரைவிங் ஸ்கூலில் முறையாகக் கற்று வாங்கியது. நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாமியை நினையுங்கள் என்று ஒரு தரம் மாமாவிடம் கேட்டேன். உனக்கு ஸ்கூட்டி போதும்மா என்று சிரித்தார். என் கணவரும் சிரித்தார். பாதி உலகம் தெரியாத ஆண் ஓட்டலாம், முழு உலகமும் தெரிகிற பெண் பக்கத்தில் உட்கார்ந்து மல்லிப்பூவைப் பற்றிப் பேச வேண்டும்.

இதற்கு நடுவில் போளூரில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், நான் கொஞ்ச நாள் அங்கே இருந்தேன். நான் வருகிற வரை கார் வெளியே போகாது என்று என் கணவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். திரும்பி வந்தபோது ஹாலில் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டம்மா, மாடி அறையில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்காரம்மா, எல்லோருக்கும் நடுவில் மாமா. முகம் அப்படி ஜொலிக்கிறது. அவருக்குச் சித்தர் தரிசனம் கிடைத்துவிட்டதாம்.

திங்கட்கிழமை தனியாகப் போயிருக்கிறார். பாதையில் அடி அண்ணாமலை ஊரைத் தாண்டி, முன்னால் ஒருவர் காவி வேட்டியோடு நடந்து போயிருக்கிறார். நல்ல உயரம், ஜடாமுடி. கார் நெருங்க நெருங்க அவர் அப்படியே கரைந்து காணாமல் போய்விட்டாராம். "கண்ணெதிர்ல மறைஞ்சார்" என்று மாமா சொல்லும்போது எதிர் வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெளிநாட்டுக்காரம்மா மாமாவின் காலில் விழுந்து எழுந்தாள். என் கணவர் நாத்தனாருக்கு வீடியோ கால் போட்டு அவளுக்கும் சொல்ல வைத்தார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தப் பக்கமா நடந்து போனாரு, மாமா?"

"லெஃப்ட்லதாம்மா. ஓரமா."

சித்தர்கள் வலது பக்கம் நடப்பார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த ஊர் இது. இவருக்கு மட்டும் இடது பக்கம் வந்து காட்சி கொடுத்தார்கள். கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. அந்தச் சாமியார் எங்கேயும் மறையவில்லை. மாமாவின் பார்வையை விட்டு வெளியே போனார், அவ்வளவுதான். கார் அவரை உரசாமல் போனது அவர் செய்த புண்ணியம். அன்று காவிக்குப் பதில் லுங்கி கட்டின ஆள் நடந்து போயிருந்தால் அதைத் தரிசனம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் என் கணவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. புரிந்ததை நான் முகத்திலேயே பார்த்தேன். ஆனாலும், அப்பா இத்தனை நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறார், அதையும் கெடுக்க வேண்டுமா என்று கேட்டார். அவருடைய அந்தக் கேள்வியை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. தெரியாதவர்களை விடுங்கள். தெரிந்துகொண்டே பேசாமல் இருக்கிறவர்களை என்ன செய்வது?

அடுத்த திங்கட்கிழமை மாமா முன்னைவிட உற்சாகமாகக் கிளம்பினார். நான் உட்கார்ந்துகொண்டேன். அடி அண்ணாமலை வரைக்கும் வழக்கம் போலப் பேசிக்கொண்டே போனேன். அங்கே சைக்கிளில் ஒரு பெண், யூனிஃபார்மும் இரட்டைப் பின்னலுமாக, எங்களுக்கு முன்னால் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். ரோட்டில் ஒரு பள்ளம். அதைத் தவிர்க்க அவள் கொஞ்சம் உள்ளே வந்தாள். அந்த இடத்தில் பூவையும் பின்னலையும் பற்றிப் பேச நேரமில்லை. "மாமா, சைக்கிள், நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன்.

மாமா நிறுத்தவில்லை. என்னம்மா கத்துகிறாய் என்று என் பக்கம் முகத்தைத் திருப்பினார். முகம் திரும்பிய பக்கம் ஸ்டியரிங்கும் திரும்பியது. கார் இடது பக்கம் சாய்ந்துபோய் அவளைத் தட்டியது. நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை. ஓரத்து மண்ணில் விழுந்து கிடந்தாள். வலது கை மணிக்கட்டு பார்க்க முடியாதபடி வளைந்திருந்தது. அவள் அழக்கூட இல்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே பக்கத்து நிலத்திலிருந்து அவள் அப்பா, முழங்கால் வரைக்கும் சேறோடு ஓடி வந்தார். மகளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தவர் மாமாவைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். அவரும் மாமாவிடம் படித்தவர்.

"மருமக திடீர்னு கத்திட்டா, கை ஆடிப்போச்சுப்பா" என்றார் மாமா.

"வுடுங்க சார். பாப்பாதான் பாத்து ஓரமா வந்திருக்கணும். உங்களுக்கு ஒண்ணும் அடிபடலையே?"

மகளின் கை ஒடிந்து தொங்குகிறது. அந்த மனுஷன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறார். மாமா பரவாயில்லைப்பா என்று அதைப் பெற்றுக்கொள்கிறார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிக் கத்தலாமா என்று கேட்டார். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் சொன்னேன்.

"பாப்பா மேல தப்பு இல்லீங்க. அவருக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது. ஒரு வருஷமா தெரியாது. ஓட்டக் கூடாதுனு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

கூட்டத்தில் ஒரு பெரியவர், இருந்தாலும் வயசான மனுஷனை நடுரோட்டில் வைத்து இப்படிச் சொல்லலாமா என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் காரின் சாவியைக்கூட எடுக்காமல் அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகிற வழியில் அவள், ஹாரன்கூட அடிக்கலையே அக்கா என்று மட்டும் சொன்னாள். பிளஸ் டூ படிக்கிற பெண், பரீட்சை நெருங்குகிறது, எழுதுகிற கை. காரை யாரோ எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

வீட்டில் என்னோடு பேச்சு நின்றது. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பார்கள் என்று நினைத்தேன். அப்பாவை ஊர் முன்னால் கேவலப்படுத்திவிட்டாய் என்றார் என் கணவர். வீட்டுக்குள் சொல்லியிருக்கலாமாம். ஒரு வருஷமாக நான் சமையலறையிலும் ஹாலிலும் மொட்டை மாடியிலும் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. நாத்தனார் போனில் அழுதாள், அப்பாவுக்காக. போலீஸுக்கு யாரும் போகவில்லை. சார் மேல் கேஸா என்று அந்தப் பெண்ணின் அப்பாவே மறுத்துவிட்டார். சிகிச்சைச் செலவை நாங்கள் கொடுத்ததையே பெரிய தர்மம் மாதிரி என் கணவர் பேசினார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் மாமா குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார். சாவி சட்டைப் பையில். தனியாகப் போய்விட்டு வருகிறேன், பக்கத்தில் யாரும் கத்தாமல் இருந்தால் நான் ஒழுங்காக ஓட்டுவேன் என்றார். என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கிளம்புவதற்குள் டயர் காற்றைப் பிடுங்கிவிடுவது என்று நான் முடிவு செய்து வாசலுக்கு வந்தேன்.

அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். அவர் கையில் ஒரு பையில் ஆப்பிள். சார் அன்றைக்குப் பயந்துபோயிருப்பார், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. பெண்ணின் கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. உள்ளே கூப்பிட்டேன். அப்பா மாமாவுக்கு வலது பக்கத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. மாமாவின் இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா சந்தோஷமாக விசாரித்தார். நெல் எப்படி, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படிப்பா இருக்கு? கூட்டிட்டு வந்திருக்கலாமே."

அவள் அப்பா மகளை நிமிர்ந்து பார்த்தார். என் கணவர் பேப்பரை இறக்கினார். மாமாவையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வருஷமாக நான் சொன்னது எதுவும் அந்த முகத்தில் இப்படிப் பதிந்ததில்லை.

"நான் இங்கதான் சார் நிக்கிறேன்" என்றாள் அவள். "வந்ததுல இருந்து இங்கதான் நிக்கிறேன்."

மாமா குரல் வந்த பக்கம் கழுத்தைத் திருப்பினார், இன்னும் திருப்பினார். கட்டுப் போட்ட கை அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அதைப் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்த மனுஷன், அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் குறையவில்லை. அவர் பக்கத்தில் போய்ச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. என் கணவர் மறுபடியும் பேப்பரைத் தூக்கப் பார்த்தார், கீழே வைக்கச் சொன்னேன்.